ஒரு மூட்டைக்கு எத்தனை வாளி தண்ணீர்?

டிப்ளமோ சிவில் முடிக்கப்போகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அக்கா, நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. போகலாமா, இல்லை சைட்டுக்குப் போய்விடலாமா என்று. போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் நான் வந்த வழியை எழுதி வைத்துவிடுகிறேன். என் வழி உங்களுக்கு அப்படியே பொருந்தாது, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் துறையூர்ப் பக்கம். அப்பா கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவர். அம்மா அதே சைட்டுகளில் சித்தாள், நான் வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வரை கலவை சுமக்கும் பாண்டுச் சட்டி தூக்கியிருக்கிறார். அதனால் எனக்கு சிவில் என்பது யாரோ சொல்லிக் கிடைத்த படிப்பு இல்லை. பள்ளி விடுமுறையில் சைட்டில் மணல் சலித்த கையோடுதான் 2013இல் அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். முதல் வருடம் முடிந்த சமயம், 2014 ஜூன் 28ஆம் தேதி, சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்கள். டிவியைப் பார்த்துவிட்டு அம்மா, "வேற படிப்பே இல்லையா உனக்கு" என்று அழுதார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தபோது நான் பி.இ. மூன்றாம் செமஸ்டரில் இருந்தேன், ஹாஸ்டல் டிவிக்கு முன்னால் வகுப்பே கூடி நின்றது, சில பையன்கள் கைகூடத் தட்டினார்கள். எனக்கு அன்று அப்பாவின் தட்டுதான் ஞாபகம் வந்தது.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

டிப்ளமோக்காரர்களுக்கான கலந்தாய்வு என் வருடத்தில் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் நடந்தது. தன்னாட்சிக் கல்லூரிகளை விட்டுவிட்டால், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் பாடத்திட்டமும் செமஸ்டர் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றுதான், வித்தியாசம் லேபிலும் ஆசிரியர்களிடமும்தான். ஆகவே கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் ஏசி செமினார் ஹாலையெல்லாம் பார்த்து மயங்க வேண்டாம், நேராகக் கான்கிரீட் லேபுக்குப் போங்கள். கான்கிரீட்டை ஊறவைக்கும் க்யூரிங் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, அதில் க்யூப், அதாவது உடைத்துச் சோதிக்க வார்த்த கான்கிரீட் கட்டி, கிடக்கிறதா, க்யூபின் மேல் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி காய்ந்து அதில் உடைந்த நாற்காலி கிடந்தால் அங்கே சோதனை நோட்டில் மட்டும்தான் நடக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்த மூன்று கல்லூரிகளில் இரண்டில் நாற்காலிதான் கிடந்தது.

அப்புறம் கணக்கு. டிப்ளமோவிலிருந்து வருகிறவர்கள் பாதிப்பேர் அடிவாங்குவது இங்கேதான், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நேராக மூன்றாம் செமஸ்டரில் உட்கார வைப்பார்கள், முதல் வருடக் கணக்கு நமக்குக் கிடையாது, ஆனால் ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு என்று எம்3, அதாவது மூன்றாம் செமஸ்டர் கணக்கு, ஆரம்பித்துவிடும். முதல் மாதம் போர்டில் எழுதியதை அப்படியே பார்த்து எழுதினேன், ஒரு வரியும் புரியவில்லை. அரியர் விழுந்தது. டிப்ளமோவில் 90 சதவீதம் வாங்கியவள் என்பதால் வீட்டில் சொல்லவே ஒரு மாதம் ஆனது. அப்பா, "அரியர்னா என்ன, பாக்கியா? அடுத்த தவணையில கட்டிரு" என்றார், அவ்வளவுதான். டிப்ளமோ முடிந்து கல்லூரி தொடங்கும் வரை இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் தொகையிடலையும் பகுதி வகையிடலையும் முதல் வருடப் புத்தகத்திலிருந்து தினம் பத்துக் கணக்கு போட்டுவிடுங்கள். பெர்னூலி முறைத் தொகையிடல் கை பழகினாலே ஃபூரியர் பாதி வந்துவிடும். இதைச் செய்யாமல்தான் நான் மாட்டினேன்.

மற்றபடி கட்டுமானப் பாடங்களில் நமக்கு ஒரு மேல்கை உண்டு. பிளஸ் டூ முடித்து வந்தவர்கள் 'ஸ்டிரப்' என்று படிக்கும்போது நமக்கு பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கண்முன்னால் தெரியும். ஆனால் அந்த மேல்கையே ஒரு ஆபத்தும்கூட, எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் வகுப்பில் பின்பெஞ்சுக்குப் போய்விடுவோம். நான் போனேன். ஆர்.சி.சி. டிசைன் வகுப்பில் ஐ.எஸ். 456ஐ, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிப் புத்தகத்தை, கையில் கொடுத்தபோதுதான் முன்பெஞ்சுக்குத் திரும்பினேன். அந்தச் சின்னப் புத்தகத்தில் அப்பா வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு எண்கள் இருந்தன. 4.5 மீட்டர் வரை ஸ்பான் (தாங்கும் சுவர்களுக்கு இடையிலான தூரம்) உள்ள கூரை ஸ்லாபுக்கு அடியில் கொடுத்த முட்டுகளைக் குறைந்தது 7 நாள் பிரிக்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் 14 நாள். அப்பா இரண்டு வாரத்துக்கு முன்னால் எந்த வீட்டிலும் முட்டுகளைத் தொட விடமாட்டார். வீட்டுக்காரர்கள் சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று திட்டுவார்கள், அவரும் காரணம் சொல்லத் தெரியாமல் திட்டு வாங்குவார். காரணம் அந்தப் பக்கத்தில் அச்சடித்திருந்தது.

கம்பிக் கணக்கும் அப்படித்தான். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கம் பண்ணி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும், இது சைட்டில் பத்தாவது பெயிலான பையனுக்கும் தெரியும். 12 எம்எம் என்றால் 144ஐ 162ஆல் வகுக்க 0.889. இந்த 162 எங்கிருந்து வந்தது என்று டிப்ளமோ மூன்று வருடமும் நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ, வட்டத்தின் பரப்பு, மில்லிமீட்டரை மீட்டராக்கும் பத்து லட்சம், மூன்றையும் சேர்த்துச் சுருக்கினால் 162 வருகிறது. ஒரு மதியம் நானே போட்டுப் பார்த்தேன். இதற்குப் போய் ஒருத்தி சந்தோஷப்படுவாளா என்று ரூம்மேட் கேட்டாள்.

ஆனால் எண் தெரிந்தால் போதாது என்பதை ஒரு கம்பி கட்டுகிற அண்ணன் காட்டிக் கொடுத்தார். இன்டெர்ன்ஷிப் சமயம், முதல்முறையாக நானே ஒரு பார் பெண்டிங் ஷெட்யூல், அதாவது கம்பி வெட்டி வளைக்கும் பட்டியல், போட்டேன். 230க்கு 300 பீம், சுற்றி 25 கவர் (ரிங்குக்கு வெளியே விடும் கான்கிரீட் கனம்), 8 எம்எம் ரிங். வெளியளவு 180க்கு 250, சுற்றளவு 860, இரண்டு கொக்கிக்கு 160 கூட்டி, வளைவுக்கு 96 கழித்து, வெட்டு நீளம் 924 மில்லிமீட்டர். பெருமையாக நீட்டினேன். அண்ணன் பார்த்துவிட்டு, "பாப்பா, 12 மீட்டர் கம்பிக்கு உன் கணக்குல எத்தனை ரிங்கு?" என்றார். வகுத்துப் பார்த்தால் 12.99. அதாவது 12 ரிங், மீதி 912 மில்லிமீட்டர் துண்டு எதற்கும் உதவாது. "ரிங்குக்கு ஒரு மில்லி கொறச்சுக்க, பதிமூணு வரும். எவன் ஒரு மில்லிக்கு வெட்டுறான் இங்க?" சரிதானே. 12 கம்பியில் முடிகிற வேலைக்கு 13 கம்பியை வெட்ட இருந்தேன். அன்றிலிருந்து எந்த வெட்டு நீளத்தையும் முதலில் முழுக்கம்பியில் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஷெட்யூலில் எழுதுகிறேன். துண்டுக் கம்பியை எதற்குப் பயன்படுத்தப்போகிறோம் என்பதையும் அதிலேயே ஒரு ஓரத்தில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் அது இரும்புக் கடைக்குத்தான் போகும்.

சர்வே கேம்புக்கு ஏற்காடு போனோம். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், நானும்தான். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியின் பேட்டரி இரண்டாம் நாளே உயிரை விட்டது, சார்ஜரைக் கல்லூரியிலேயே விட்டு வந்திருந்தோம், அப்புறம் மட்டம் பார்க்கும் டம்பி லெவலும், நட்டுவைத்துப் பார்க்கும் அளவுகோலான ஸ்டாஃபும்தான். அதுவும் நல்லதாகவே போயிற்று. ஸ்டாஃப் சாய்ந்தால் ரீடிங் கூடத்தான் காட்டும், அதனால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டச் சொல்லி இருப்பதிலேயே குறைந்த எண்ணை எடுக்க வேண்டும் என்பதை அங்கேதான் பழகினேன். இன்னொன்று, ஃபீல்டு புக்கில் ரப்பர் போடாதீர்கள். தப்பென்றால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் குழு ஒரு ரீடிங்கை அழித்துத் 'திருத்தி'யதால் பின்னோக்குக் கூட்டலும் முன்னோக்குக் கூட்டலும் ஒத்துவராமல் பனியில் அரைக் கிலோமீட்டர் திரும்ப அளந்தோம். இந்த நாட்டில் நில அளவையின் பழைய கதைகள் பலவும் நம் ஊரில்தான் தொடங்குகின்றன, கிண்டி பொறியியல் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்ததுதான், 1802இல் ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன் இந்தியாவை அளக்கும் தன் பெரிய அளவைக்கு முதல் அடிப்படைக் கோட்டை அளந்ததும் பரங்கிமலைப் பக்கம்தான். அவரும் சார்ஜர் இல்லாமல்தான் அளந்தார் என்று பேராசிரியர் சொன்னபோது சிரிப்பு வரவில்லை, குளிர் அப்படி.

2019இல் முடித்துத் திருச்சியில் ஓர் அடுக்குமாடி சைட்டில் சேர்ந்தேன். சம்பளம் மாதம் 11,000 ரூபாய். அப்பாவுக்கு அப்போது நாள் கூலி 850. நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். சிவிலில் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் இருக்கும், வீட்டில் இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று: வேலை பேசும்போதே சைட்டில் கழிப்பறை இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் கூச்சப்பட்டுக் கேட்காமல் போய், தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் படுத்தேன்.

இனி சொல்லப்போவதுதான் நான் செய்த பெரிய தப்பு.

நான்காவது மாதம் ஒரு ரூஃப் கான்கிரீட், எம்20 (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டிய கலவை), சுமார் 14 கன மீட்டர், மிக்ஸர் மெஷின் வைத்துச் சைட்டிலேயே கலவை. 6 முதல் 15 கன மீட்டருக்கு இரண்டு சாம்பிள் எடுக்க வேண்டும், ஒரு சாம்பிளுக்கு மூன்று க்யூப், ஆக ஆறு. காலை எட்டு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் நின்று தண்ணீரை அளந்து ஊற்ற வைத்து, அந்த முதல் கலவைகளிலேயே ஆறு க்யூபையும் போட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு, அடுக்குக்கு 35 குத்து, எல்லாம் புத்தகப்படி. 28 நாள் கழித்து சராசரி 26 நியூட்டன். 150 மில்லிமீட்டர் க்யூபில் 450 கிலோ நியூட்டன் தாண்டினாலே 20 வந்துவிடும், நம்முடையது 585 வரை போனது. ரிப்போர்ட்டைப் பார்த்த கன்சல்டன்ட் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தக் கலவையில எடுத்தீங்க?" முதல் கலவை என்றேன். "அது உங்க கலவைம்மா. மத்தியானக் கலவை யாருது?"

அடுத்த ஸ்லாபில் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு ஒரு சாம்பிள் எடுத்தேன். கலவையின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் கூம்பைத் தூக்கியதும் கலவை நிற்கவே இல்லை, தோசை மாவு மாதிரி பரந்தது. 28 நாளில் 17க்குச் சற்று மேல். ஸ்லாபைத் துளைத்துக் கோர் என்ற கான்கிரீட் உருளை எடுத்துப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. மூன்று கோரின் சராசரி, வேண்டிய வலுவில் 85 சதவீதத்துக்குக் குறையாமல், எதுவும் தனியாக 75க்குக் கீழே போகாமல் இருந்ததால் ஸ்லாப் தப்பித்தது, நானும் தப்பித்தேன். அதற்கு முந்தைய ஸ்லாபின் மத்தியானப் பகுதி எப்படி இருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரி சில நேரம் யோசிப்பேன். ஆகவே, க்யூபுக்கு நேரம் குறிக்காதீர்கள். மெஷின்காரருக்கு முன்கூட்டித் தெரியவே கூடாது. எந்த நேரக் கலவை, ஸ்லாபின் எந்த மூலையில் போய் விழுந்தது என்பதைப் பென்சிலால் ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை பிரச்சினை வந்தால் எங்கே கோர் எடுப்பது என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.

தண்ணீரை ஊற்றியது மெஷின்காரர்தான் என்று அவரிடம் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன். அம்மா உடனே யார் பக்கம் சேர்ந்தார் தெரியுமா? "தண்ணி கம்மியா இருந்தா கொத்தனாருக்கு என்னடி, மெஷினுக்கு என்ன? பாண்டுல ஒட்டிக்கிட்டுக் கொட்டவே கொட்டாது. உதறி உதறிக் கொட்டணும். தூக்குறவ கழுத்துக்குத்தான் தெரியும். நாங்கதான் ஊத்தச் சொல்லுவோம்." இருபது வருடம் சும்மாடு வைத்த தலை அது. நீர்-சிமெண்ட் விகிதம் என்று ஆறு வருடம் எழுதிப் படித்த எனக்கு, அந்த விகிதத்தின் இன்னொரு முனையில் அம்மாவின் கழுத்து இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது. வெயில் ஏற ஏறக் கலவை சீக்கிரம் இறுகும், ஆட்களும் களைத்திருப்பார்கள், இரண்டும் சேரும் நேரம் மத்தியானம். திட்டினால் தண்ணீர் நிற்காது, நாம் முதுகைத் திருப்பியதும் ஊற்றுவார்கள், ஊற்றத்தான் செய்வார்கள்.

அதற்குப் பிறகு நான் மாற்றியது இவ்வளவுதான். தண்ணீர் கூட்டாமலே கலவை இளகுவதற்கு பிளாஸ்டிசைசர் கேட்டு ஓனரிடம் மூன்று நாள் நச்சரித்து வாங்கினேன். அளவு டப்பாவில் எழுதியிருக்கும், அதைத் தாண்டினால் கலவை இறுகத் தாமதமாகும், கவனம். தூக்கும் வரிசையில் ஆட்களை நெருக்கி நிறுத்தி, பாண்டைத் தலையில் சுமந்து நடப்பதைக் கைமாற்றிக் கொடுப்பதாக ஆக்கினேன். மூன்று மணிக்கு டீயை இரண்டரைக்குக் கொண்டுவந்தேன். சிரிக்காதீர்கள், மத்தியானக் கலவை தேறியதில் டீக்கும் பங்கு உண்டு.

மணலின் ஈரத்தையும் விடாதீர்கள். எம்20 நாமினல் கலவையில், அதாவது நிர்ணயித்த விகிதத்தில் கலக்கும் கலவையில், ஒரு மூட்டை சிமெண்டுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்று ஐ.எஸ். 456 அட்டவணையில் இருக்கிறது. ஆனால் மழை பெய்த மறுநாள் மூட்டைக்குப் போடும் 80 கிலோ மணலில் 4 சதவீதம் ஈரம் இருந்தால் மூன்று லிட்டருக்கு மேல் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, அதைக் கழிக்க வேண்டும். போதாததற்கு ஈர மணல் உப்பியும் நிற்கும், பெட்டியால் அளந்தால் கால் பங்கு வரை மணல் குறைவாகப் போகலாம். ஒரு சட்டியில் மணலை எடை போட்டு, அடுப்பில் வறுத்து, திரும்ப எடை போட்டாலே ஈரம் தெரிந்துவிடும், லேப் எதுவும் வேண்டாம். 2017 வாக்கில் ஆற்று மணல் கிடைக்காமல் எல்லோரும் எம் சாண்டுக்கு மாறியபோது அப்பா அதை ஒரு வருடம் தொடவே மாட்டேன் என்றார், தண்ணீரை உறிஞ்சுகிறதாம். தூள் அதிகமுள்ள சாண்ட் வந்தால் அவர் சொன்னது உண்மைதான். லோடு இறங்கும்போதே கண்ணாடி டம்ளரில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்து மேலே படிகிற தூளைப் பாருங்கள் என்று டிப்ளமோவில் சொல்லிக் கொடுத்தது அப்போதுதான் கைகொடுத்தது.

பி.இ. போகலாமா என்று கேட்டவர்களுக்கு: குடும்பத்தில் உடனே பணம் வேண்டும் என்றால் சைட்டுக்குப் போங்கள், பகுதி நேர பி.இ. அப்புறமும் படிக்கலாம். மூன்று வருடம் தள்ளிப்போட முடியும் என்றால் போய்ப் படியுங்கள், ஆனால் விடுமுறைகளில் சைட்டை விட்டுவிடாதீர்கள், சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாடாவது போடுவார்கள்.

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு அறை எடுத்தோம். அப்பாவின் சைட், அப்பாதான் மேஸ்திரி, நான் வெறும் பார்வையாளர். மெஷினுக்குப் பக்கத்தில் 10 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று, உள்ளே ஆணியால் கீறிய கோடுகள். "மூட்டைக்கு மூணு வாளிதானே பாப்பா நீ சொன்னது?" என்றார். ஆமாம் என்றேன். குனிந்து மணலை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்துக் கையை விரித்தார், உருண்டை உடையாமல் நின்றது. "நேத்து ராத்திரி மழை. ரெண்டே முக்கா ஊத்து" என்று மெஷின்காரரிடம் சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போனார். நான் போனில் கால்குலேட்டரைத் திறந்து பார்த்தேன், 2.7 வந்தது.